பஸ் ஸ்டாண்டு பக்கம்

நிர்மலாதேவியிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால் ராஜபாளையம் என்பாள். ராஜபாளையத்தில் எங்கே என்றால், பஸ் ஸ்டாண்டு பக்கம் என்பாள். அதற்கு மேல் தோண்ட யாராலும் ஆகாது. மேலத்தெரு, தெற்குத்தெரு என்று ஏதாவது ஒரு தெருவைச் சொல்லிவிட்டால் போதும், கேட்கிறவர் மனசுக்குள் ஒரு கூட்டல் கழித்தல் போட்டு விடையை எடுத்துவிடுவார். பஸ் ஸ்டாண்டுக்கு மட்டும்தான் சாதி கிடையாது. எல்லா ஊர்க்காரர்களும் வந்து இறங்கிப் போகிற இடம் அது.

உண்மையில் அவள் பிறந்தது வாசுதேவநல்லூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில், குளத்துத் தண்ணீரில் நெல் விளைகிற ஓர் ஊர். அப்பா வெள்ளத்துரை அங்கே வயல் வைத்துப் பாடுபட்டவர். ராஜபாளையத்தில் அவள் இருந்ததெல்லாம் படிப்பை முடித்துவிட்டு நர்ஸ் வேலை பார்த்த காலத்தில், ஒரு லேடீஸ் ஹாஸ்டலில். ஹாஸ்டல் பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருந்தது. ஆகவே அவள் சொன்னது முழுப்பொய்யும் இல்லை. அரைப்பொய்க்கு ஆயுசு கெட்டி என்பதை அவள் வாழ்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

இந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரசவமான ஒரு பெண்ணின் மாமியார் ஆசையாகப் பேச்சுக்கொடுத்து ஊரையும் தெருவையும் விசாரித்தாள். நிர்மலாதேவி கள்ளம் கபடம் இல்லாமல் சொன்னாள். மறுநாள் குழந்தையைக் குளிப்பாட்டக் கை நீட்டியபோது, வேறு நர்ஸ் யாரும் இல்லையா என்று அந்தம்மா சிரித்த முகமாகவே கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அந்தச் சிரிப்புதான் அவளை அறுத்தது. அன்றைக்கு நீட்டிய கையை மடக்கிக்கொண்டவள், அதற்குப் பிறகு ஒருவரிடமும் தெருவைச் சொன்னதில்லை.

சங்கரன்கோவிலில் ஒரு நர்சிங் கல்லூரிக்கு டீச்சராக வந்து, வீடெடுத்து, வருஷங்கள் ஓடிவிட்டன. பங்குனி உத்திரம் நெருங்கினால்தான் சிக்கல். இந்தப் பக்கத்தில் எல்லோரும் அவரவர் குலசாமி சாஸ்தாவைத் தேடிப் போகிற நாள் அது. உங்க சாஸ்தா எது என்று கேட்பது குசலம் விசாரிப்பது மாதிரிதான் இருக்கும். பதில் சொன்னால் ஆளைத் தெரிந்துவிடும். ரொம்பத் தூரம் போகணும் என்று சொல்லிவிட்டு அவள் நழுவுவாள். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிற அவள் கணவன் பாண்டியராஜன் அப்படியல்ல, யார் கேட்டாலும் பட்டென்று சொல்லிவிடுகிற ஆள். அவனுக்கு இவளுடைய ஒளிவுமறைவு பிடிக்காது. “ஏட்டி, நீ செத்தாலும் பஸ் ஸ்டாண்டுலதான் பொதைக்கணும் போல” என்று ஒருநாள் சொன்னான். வேடிக்கையாகத்தான் சொன்னான். அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இப்படி முழுப்பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தவளுக்கு, அவள் படிப்பித்த பாடத்திலிருந்தே வினை வந்தது.

கல்லூரி முதல்வர் ராஜதுரை சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போய்த் திரும்பினார். போய் வந்ததிலிருந்து வாயைத் திறந்தால் கல்ச்சுரல் காம்பிடென்ஸ்தான். நோயாளியின் பழக்கவழக்கம், சாப்பாடு, நம்பிக்கை எல்லாவற்றையும் மதித்துக் கேட்டறிந்து வைத்தியம் பார்க்க வேண்டும், அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதாது, பரீட்சை வைத்து மார்க்கும் போட வேண்டும் என்றார். நல்ல விஷயம்தான். அதற்கென்று வெளிநாட்டில் யாரோ தயாரித்த கேள்வித்தாளையும் கொண்டுவந்திருந்தார். அதைத் தமிழில் மாற்றும் வேலை நிர்மலாதேவியிடம் வந்தது.

முதல் கேள்வியில் ஆங்கிலத்தில் கம்யூனிட்டி என்று இருந்தது. எழுதிய மகராசி எதை மனசில் வைத்து எழுதினாளோ தெரியாது. நம்மூரில் பள்ளிக்கூடத்தில் காலெடுத்து வைக்கும்போதே கம்யூனிட்டி சர்டிபிகேட் கேட்கிறார்கள்; அந்த வார்த்தைக்கு இங்கே ஒரே அர்த்தம்தான். நிர்மலாதேவி அவசரத்தில் ‘உங்கள் சமூகம் எது?’ என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். காகிதத்தில் பார்க்கக் கௌரவமாகத்தான் இருந்தது. பிள்ளைகள் அதை வார்டுக்கு எடுத்துக்கொண்டு போனதும், அவர்கள் வாயில் அது “நீங்க என்ன ஆளுக?” என்று மாறிவிட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

நோயாளிகளுக்கு இந்தக் கேள்வி கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி இருந்தது. கல்லூரியை ஒட்டிய ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தவர்கள், எவ்வளவு முடியாமல் இருந்தாலும், இதற்குப் பதில் சொல்லும்போது மட்டும் தெம்பாகிவிட்டார்கள். சொல்லி முடித்ததும் “நீ என்ன ஆளும்மா?” என்று திருப்பிக் கேட்டார்கள். பிள்ளைகளில் அஃப்ரோஸுக்குப் பிரச்சினை இல்லை, பேரிலேயே பதில் இருந்தது. அபிஷா கிறிஸ்டியன் என்று சொன்னாள். கிறிஸ்டியன்ல என்ன ஆளு என்று அடுத்த கேள்வி வந்தது. பிள்ளைகள் அதை மெஸ்ஸில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

இசக்கிசெல்வி சிரிக்கவில்லை. குருவிகுளம் பக்கமிருந்து வந்து படிக்கிற பிள்ளை. கை சுத்தம், வேலை சுத்தம், நரம்பு தேடி ஊசி போடுவதில் வகுப்பிலேயே அவள்தான் முதல். ஆனால் ஒவ்வொரு தடவையும் முதல் கேள்வியை விட்டுவிட்டு நேராக இரண்டாவதுக்குப் போய்விடுவாள். என்ன சாப்பிடுவீங்க, எதைச் சாப்பிட மாட்டீங்க, விரதம் உண்டா என்று அவள் கேட்கிற விதத்தில் நோயாளிகள் வீட்டுக் கதையெல்லாம் கொட்டுவார்கள். முதல் கேள்வியை மட்டும் கேட்க மாட்டாள். ஏன் என்று நிர்மலாதேவி வகுப்பில் கேட்டபோது மறந்துட்டேன் டீச்சர் என்றாள். மறதி இல்லை என்று நிர்மலாதேவிக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பூஜ்யம் போட்டாள். போடும்போது பேனா கூசியது.

அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள் சார் என்று ராஜதுரையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லப் போனாள். அறை வாசல் வரைக்கும் போனாள். ஏன் டீச்சர், அதில் உங்களுக்கு என்ன சங்கடம் என்று அவர் கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்று தோன்றியதும் திரும்பிவிட்டாள். அவர் அப்படிக் கேட்கிற மனுஷரில்லை. ஆனால் பயந்தவளுக்கு நியாயம் எங்கே தெரிகிறது.

பெரிய பரீட்சைக்கு முன்னால் விஷயம் முற்றியது. முதல் கேள்வி கட்டாயம், அதை விட்டால் மற்றதெல்லாம் சரியாகச் செய்தாலும் பெயில் என்று முடிவாகிவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து எக்ஸ்டர்னல் மேடம் வந்து மார்க் போடுவார், கல்லூரி சார்பில் நிர்மலாதேவியும் கூட நின்று போடுவாள். இசக்கிசெல்விக்குப் பெயில் ஆவது என்பது ஆறு மாசம் கழித்து மறுபடி எழுதுகிற சமாச்சாரம் மட்டுமில்லை. அவள் அம்மா பூமாரி தன் அண்ணனை எதிர்த்துத்தான் மகளைப் படிக்க வைத்திருந்தாள். பெயிலாகி வீட்டுக்கு வந்தால் அந்த மாமன் தன் மகனுக்குக் கட்டிவைத்துவிடுவான், அதோடு நர்ஸ் வேலையெல்லாம் கனவுதான். பிள்ளை இதை ஒருநாள் அழாமல் சொன்னாள். அழாமல் சொன்னதால் நிர்மலாதேவிக்கு இன்னும் சங்கடமாகப் போயிற்று.

பரீட்சைக்கு முந்தின நாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, தன்னிடமிருந்த ஒரே மருந்தை நிர்மலாதேவி கொடுத்தாள். “கேள்வியக் கேட்டுரு. திருப்பிக் கேட்டா சங்கரன்கோவில்தான்னு சொல்லு. எங்கனன்னு கேட்டா பஸ் ஸ்டாண்டு பக்கம்னு சொல்லிரு. அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாவ.”

இசக்கிசெல்வி கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். பிறகு சரி டீச்சர் என்றாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று நிர்மலாதேவிக்கு அப்போது பிடிபடவில்லை. நன்றி என்று எடுத்துக்கொண்டாள்.

பரீட்சையில் இசக்கிசெல்விக்குச் சீட்டில் ஒன்பதாம் கட்டில் விழுந்தது. வாசுதேவநல்லூர்க்காரம்மா, கால் பெருவிரலில் சர்க்கரைப் புண். வாயாடி, பாசக்காரி. வந்த நாளிலிருந்து இசக்கிசெல்வியைத்தான் தேடுவாள், தன் மகளுக்கு இவ்வளவு பக்குவம் வராது என்பாள், பார்க்க வருகிறவர்கள் கொண்டுவருகிற கொய்யாப்பழத்தில் ஒன்று இவளுக்கு என்று எடுத்து வைப்பாள். இந்தக் கட்டில் விழுந்ததே சாமி கண்ணைத் திறந்தது மாதிரிதான் என்று நிர்மலாதேவி நினைத்தாள். எக்ஸ்டர்னல் மேடம் கட்டிலின் கால்மாட்டில் அட்டையோடு நின்றார். நிர்மலாதேவி ஓரடி தள்ளி நின்றாள். பரீட்சை நடக்கும்போது டீச்சர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி.

இசக்கிசெல்வி வணக்கம் சொல்லி, தலையணையைச் சரி செய்து, கேட்டுவிட்டாள். “நீங்க என்ன ஆளுகம்மா?”

அந்தம்மா சொன்னாள். சொல்லும்போது படுக்கையிலிருந்து சற்று நிமிர்ந்துகொண்டாள். ஏன் இத்தனை நாள் கேட்கவில்லை என்று செல்லமாகக் கோபித்தாள். பிறகு, வரவேண்டியது வந்தது. “ஆமா, நீ என்ன ஆளு மக்கா?”

சொல்லு, பஸ் ஸ்டாண்டு பக்கம்னு சொல்லு என்று நிர்மலாதேவி மனசுக்குள் அடித்துக்கொண்டாள். இசக்கிசெல்வி தன் ஊரைச் சொன்னாள். ஊருக்குள் தன் தெருவையும் சொன்னாள். கேட்டதற்குப் பதில் சொல்கிற சாதாரணக் குரலில்தான் சொன்னாள்.

அந்தம்மா முகம்கூடச் சுளிக்கவில்லை. ரத்த அழுத்தம் பார்க்க நீட்டியிருந்த கையை மெதுவாக எடுத்துச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள். இசக்கிசெல்வி மற்றக் கேள்விகளைக் கேட்டாள், ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. மாத்திரையை எடுத்து, தம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினாள். “அங்கன வச்சிரு. பொறகு குடிச்சிக்கிடுதேன்” என்றாள் அந்தம்மா. தம்ளர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டது. பக்கத்திலேயே இசக்கிசெல்விக்கென்று எடுத்து வைத்திருந்த கொய்யாப்பழமும் இருந்தது. அதைக் கொடுக்கிற பேச்சே இல்லை.

அப்புறம் அந்தம்மா தலையைச் சாய்த்து நிர்மலாதேவியைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு, வார்டுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள். “அந்தா நிக்காகள்ல, ஒங்க டீச்சரு. அவுக என்ன ஆளு? ராஜபாளையம்னாவ.”

“எனக்குத் தெரியாதும்மா” என்றாள் இசக்கிசெல்வி.

“பாத்தா நம்மாளு மாதிரிதான் இருக்காக. அவுகளக் கட்டுப் போடச் சொல்லேன்.”

எக்ஸ்டர்னல் மேடம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நோயாளியின் விருப்பத்தை மதிக்க வேண்டும், அதுதான் இந்தப் பரீட்சையே என்று சொல்லி, டீச்சர் கட்டுப் போடட்டும், மாணவி கூட நின்று செய்முறையைச் சொல்லட்டும் என்று தீர்ப்புக் கொடுத்துவிட்டார். அந்த நேரத்திலாவது நிர்மலாதேவி பேசியிருக்கலாம். விதி இருக்கிறதே என்று நினைத்தாள். விதி இருப்பது தனக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அவமானம் காதுவரைக்கும் சுட்டது. ஆனாலும் கையைக் கழுவினாள், உறையை மாட்டினாள், குனிந்து பழைய கட்டைப் பிரித்தாள்.

இசக்கிசெல்வி பக்கத்தில் நின்று, புண்ணின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும், ஒரு பஞ்சை ஒரு தடவைக்கு மேல் உபயோகிக்கக் கூடாது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். இடுக்கியால் பஞ்சை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். குரலில் ஒரு பிசிறு கிடையாது. நிர்மலாதேவிதான் ஒரு சுற்றைத் தப்பாகச் சுற்றி, பிரித்து மறுபடி சுற்றினாள். கட்டு முடிந்ததும், வலியே தெரியலைத்தா, ராசாத்தி கை என்று அந்தம்மா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த இடம் எரிகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

நோயாளியின் நம்பிக்கையைப் பெறத் தவறினார் என்று மேடம் எழுதி மார்க்கைக் குறைத்தார். நிர்மலாதேவி தன் பங்குக்கு முழு மார்க் போட்டாள். இரண்டும் சேர்ந்து பிள்ளை தட்டுத்தடுமாறிக் கரையேறிவிட்டாள். மேடம் காரில் ஏறிப் போனதும் நிர்மலாதேவி இசக்கிசெல்வியைத் தேடிக்கொண்டு போனாள். வார்டுக்குப் பின்னால் குழாயடியில் அவள் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தறிச்சத்தம் ஓயாமல் கேட்டது.

கவலைப்படாதே, பாஸ்தான் என்று சொன்னாள். இசக்கிசெல்வி தலையாட்டினாள். சந்தோஷப்பட்ட மாதிரித் தெரியவில்லை. நான் சொல்லித்தந்த மாதிரி ஏன் சொல்லவில்லை என்று நிர்மலாதேவி கேட்டாள். வாய் வரல டீச்சர் என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த தட்டைத் தேய்த்தாள். நிர்மலாதேவி தைரியத்தைக் கூட்டிக்கொண்டு கேட்டாள்.

“நான் என்ன ஆளுன்னு நெசமாவே ஒனக்குத் தெரியாதா?”

“தெரியும் டீச்சர். எங்கம்மா பொறந்த ஊரு ஒங்க ஊருதான். நான் சேந்த அன்னைக்கே, வெள்ளத்துரை மாமா மகதான் ஒனக்கு டீச்சருன்னு அவ்வளவு சந்தோசமாச் சொல்லிச்சு.”

“பெறவு ஏன் தெரியாதுன்னு சொன்ன?”

இசக்கிசெல்வி குழாயை மூடினாள். “நீங்கதான டீச்சர் படிச்சுக் குடுத்தீக. பேஷண்டு மறைக்கணும்னு நெனைக்கிற விஷயத்த நாம வெளிய சொல்லக் கூடாதுன்னு.”

குத்திக்காட்டவில்லை. கேலியும் இல்லை. பரீட்சையில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற அதே குரல். தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு, வாரேன் டீச்சர் என்று போய்விட்டாள். நிர்மலாதேவி அங்கேயே நின்றாள். இத்தனை வருஷமும் தான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவள் என்றே நம்பிக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளையோ சேர்ந்த நாளிலிருந்து தன்னை நோயாளியாகப் பார்த்துப் பக்குவமாக நடத்தி வந்திருக்கிறாள். முதல் கேள்வியை அவள் ஒவ்வொரு தடவையும் விட்டது, அது டீச்சர் பக்கமும் திரும்பிவிடும் என்று தனக்காகவும் சேர்த்துத்தானோ என்று இப்போதுதான் தோன்றியது. அதற்குத்தான் தன் கையால் பூஜ்யம் பூஜ்யமாகப் போட்டிருக்கிறாள். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வார்டுக்குள் போனாள்.

ஒன்பதாம் கட்டில் அம்மாவுக்கு அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வாங்க டீச்சர் என்று கட்டிலில் கொஞ்சம் இடம்கூட ஒதுக்கினாள். பிறகு விட்ட இடத்திலிருந்து பிடித்தாள். “ராஜபாளையத்துல நீங்க எந்தப் பக்கம்?”

பழக்கதோஷத்தில் வாய் பஸ் ஸ்டாண்டுக்கே போனது. நிர்மலாதேவி அதை மென்று விழுங்கிவிட்டு, “ராஜபாளையம் இல்லம்மா” என்றாள். வாசுதேவநல்லூருக்கு மேற்கே இருக்கிற அந்த ஊரின் பெயரைச் சொன்னாள். வெள்ளத்துரை மகள் என்றாள். தெருவையும் சொன்னாள்.

பக்கத்து ஊர்க்காரிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவள் கண் ஒரு தடவை தன் காலில் இருந்த புதுக்கட்டுக்குப் போனது. பிறகு போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இசக்கிசெல்வி ஊற்றி வைத்த தண்ணீர் ஸ்டூலில் அப்படியே இருந்தது, மாத்திரையும் பக்கத்தில் இருந்தது. நிர்மலாதேவி இரண்டையும் எடுத்தாள். “மாத்திரை போடுத நேரம் தாண்டிட்டும்மா” என்று தம்ளரை நீட்டினாள். அந்தம்மா திரும்பவில்லை. அங்கன வச்சிரு என்றும் சொல்லவில்லை. அக்கம்பக்கத்துக் கட்டில்களெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன. நீட்டிய கை வலிக்கத் தொடங்கியது. நிர்மலாதேவி இந்தத் தடவை அதை மடக்கிக்கொள்ளாமல் நின்றாள்.